கொல்லிமலைக்கு ஏறிய எக்ஸ்ரே வண்டி

கொல்லிமலை என்றதும் நம்மில் பலருக்கு மூன்று விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். கொடைக்கும் வில்லுக்கும் பெயர் பெற்ற வல்வில் ஓரி, ஆகாய கங்கை அருவி, அப்புறம் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள்! இந்த மூன்றோடு நாலாவதாக ஒன்றையும் நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அது ஒரு வெள்ளை வண்டி. வயிற்றுக்குள் எக்ஸ்ரே மெஷினைச் சுமந்துகொண்டு, நம்மைப் போலவே வளைவு வளைவாய் மூச்சு வாங்கி மலை ஏறி வரும் வண்டி. அதைப் பற்றித்தான் நம் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

என் தம்பி கொல்லிமலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். தம்பி மனைவி கிராம சுகாதார செவிலியர். "ஒரு நாலு நாள் வந்து இருந்துட்டுப் போங்க, அண்ணி" என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். போன மாசி மாதம்தான் வேளை வந்தது. வீட்டை அவரிடமும் பெண்ணிடமும் ஒப்படைத்துவிட்டு, புளிக்காய்ச்சலும் தோசை மாவும் செய்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வரை சமதரைதான். அங்கிருந்துதான் வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை இருக்கிறது. குழந்தைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள்! குமட்டல் வருகிறவர்கள் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும்.

மேலே சோளக்காட்டில் இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. சுமார் 4,000 அடி உயரம். மாசி வெயிலிலும் சாயங்காலமானால் ஒரு சால்வை தேவைப்படுகிறது. அங்கே கூடும் சந்தையில் மலைவாழையும் மிளகும் தேனும் வாங்கலாம். செம்மேடுதான் மலைக்குத் தலைநகரம் மாதிரி. தாலுகா ஆபீஸ், கடை கண்ணி எல்லாம் அங்கேதான்.

மிளகு காயும் வாசல்கள்

மலை முழுக்க நாடு நாடாகப் பிரிந்திருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று பெயர்களே பழைய கதை சொல்கின்றன. இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், மலைவாசிகள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நான் போனது மிளகு பறிக்கும் காலம். சில்வர் ஓக் மரங்களில் சுற்றிப் படர்ந்த கொடிகளில் ஏணி சாத்திப் பறிக்கிறார்கள். வாசலுக்கு வாசல் பாய் விரித்து மிளகு காய்கிறது. பச்சையாய்ப் பறித்தது, இரண்டே நாள் வெயிலில் கருத்துச் சுருங்கிவிடுகிறது. நாம் ரசத்துக்குத் தட்டிப் போடும் ஒரு ஸ்பூன் மிளகுக்குப் பின்னால் எத்தனை கையின் உழைப்பு! காப்பிச் செடி, மரவள்ளிக்கிழங்கு, அன்னாசி, பலா எல்லாம் உண்டு. சாமையும் கேழ்வரகும் முன்பு அன்றாடச் சாப்பாடாக இருந்தன. இப்போது ரேஷன் அரிசி வந்துவிட்டது. 'சாமைச் சோறு தின்ன காலத்திலே இவ்வளவு சோர்வு இல்லே கண்ணு' என்று ஒரு ஆயா என்னிடம் அங்கலாய்த்தார்.

முதல் நாள் தம்பியோடு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தேன். பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போட்டேன். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறுவதுதான் சங்கடம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு வரலாம். நான் பாதி வரை இறங்கித் திரும்பிவிட்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது தம்பி மனைவி, "நாளைக்கு எனக்குக் கேம்ப் இருக்கு அண்ணி. காசநோய்க்கு வண்டி வருது. நீங்க வீட்டிலே இருக்கீங்களா, கூட வர்றீங்களா?" என்றாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? கிளம்பிவிட்டேன்.

ஊருக்கு வந்த வண்டி

பள்ளிக்கூட மைதானத்தில் வண்டி நின்றிருந்தது. ஓர் எக்ஸ்ரே டெக்னீஷியன், சளி பரிசோதனைக்கு ஒரு லேப் டெக்னீஷியன், சுகாதார ஆய்வாளர், டிரைவர், இவர்களோடு நம் வீட்டுச் செவிலியர். ஒரு வாரமாகவே அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வண்டி வரை வர முடியாத ஒரு குக்கிராமம் அப்பால் இருந்தது. ஜீப் மட்டும் போகும் பாதை. அங்கே என்ன செய்வார்கள் என்று பார்த்தால், பெட்டியிலிருந்து கேமரா மாதிரி ஒன்றை எடுத்தார் டெக்னீஷியன். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியாம்! சில கிலோதான் எடை. பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் வேண்டியதில்லை. எதிரே ஒரு ஸ்டாண்டில் பலகை மாதிரி தட்டு. அதில் மார்பை ஒட்டி நின்று மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு நொடியில் படம் முடிந்தது. படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து, சந்தேகமான இடம் இருந்தால் நிறம் போட்டுக் காட்டிவிடுகிறது. அப்புறம் டாக்டர் பார்த்து முடிவு சொல்கிறார்.

'சரி, எதற்காக இவ்வளவு பாடு? இருமுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்களா?' என்று நமக்குத் தோன்றும். நானும் கேட்டேன். தம்பி மனைவி கணக்குச் சொன்னாள்.

2019 முதல் 2021 வரை நம் நாடு முழுவதும் காசநோய் பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 64 பேர் எந்த வைத்தியரிடமும் போகவே இல்லை என்று தெரிந்தது. அதைவிடத் திடுக்கிட வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. கிருமி இருப்பது உறுதியானவர்களில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவர்களை எக்ஸ்ரேதான் காட்டிக் கொடுத்தது. இருமல், காய்ச்சல் என்று கேள்வி மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் விட்டுப்போயிருப்பார்கள்!

"மலையிலே இருக்கிறவங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. மிளகு சீசன்லே யார் போவாங்க? தோட்ட வேலைன்னு கேரளாப் பக்கம் போயிட்டு வர்றவங்களும் உண்டு. அவங்க இருக்கிற நாளா பார்த்து நாமதான் வரணும்" என்றாள்.

மலைவாசிகள் மட்டுமல்ல. செங்கல் சூளைக்காரர்கள், கல் உடைப்பவர்கள், நடைபாதையில் படுப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் என்று, நோய் சுலபமாகப் பற்றக்கூடியவர்கள் இருக்கும் இடங்களுக்கெல்லாம் இந்த மாதிரி வண்டிகள் போகின்றன. 2024 டிசம்பர் 7-ல் தொடங்கி 2025 மார்ச் 24 வரை நாட்டில் 347 மாவட்டங்களில் நூறு நாள் இயக்கமாகவே இதை நடத்தினார்கள். மார்ச் 24 ஏன் என்றால், 1882-ல் அந்த நாளில்தான் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய டாக்டர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்.

தாலியும் படமும்

முகாமில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. எக்ஸ்ரே எடுக்கும்போது மார்புக்கு நேரே உலோகம் இருக்கக் கூடாது. படத்தில் வெள்ளையாக விழுந்து நோயை மறைத்துவிடும். ஆகவே செயின், சேஃப்டி பின், சேலை பின் எல்லாம் எடுத்துவிட வேண்டும். ஒரு எவர்சில்வர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்களுக்குக் காவல்!

செயினைக் கழற்றுகிறார்கள். தாலியைக் கழற்று என்றால் யார்தான் கேட்பார்கள்? வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பெண்கள் அப்படியே பின்வாங்கிவிட்டார்கள். தம்பி மனைவிக்கு இதெல்லாம் பழக்கம். "யாரும் கழற்ற வேண்டாம்மா. கயிற்றை மேலே தூக்கி வாயிலே கவ்விக்குங்க, போதும்" என்றாள். சிரிப்போடு பிரச்னை தீர்ந்தது. பின்னலையும் தலைக்கு மேல் தூக்கி முடிந்துவிட வேண்டும். கொக்கி வைத்த ரவிக்கைக்குப் பதில் நைட்டியில் வந்தவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. நைட்டிக்கு இப்படியும் ஓர் உபயோகம்! பெண்களுக்குத் தனியே திரை கட்டி, பெண் ஊழியரே உடன் நின்றார்.

இன்னொரு பயம், கதிர் உடம்புக்கு ஆகாது என்பது. ஒரு மார்பு எக்ஸ்ரேயில் படும் கதிர், சில நாட்களில் இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் மேல் படுகிற அளவுதான் என்று விளக்கினார்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பாலுக்கு ஒன்றும் ஆகாது. கர்ப்பிணிகள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இவை உண்டா என்று முதலில் அவர்களைக் கேட்கிறார்கள். டாக்டர் அவசியம் என்று சொன்னால் மட்டும் வயிற்றை ஈய உறையால் மறைத்துப் படம் எடுக்கிறார்கள்.

மாமியாரின் படம்

அந்தக் குக்கிராமத்தில் நடந்ததுதான் என் மனசில் நிற்கிறது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பெண். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. மூன்று வாரமாக இருமல். வரிசையில் வந்து நின்றவளை அவள் மாமியார் வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"மிளகுத் தூசுக்கு இருமுது. இதுக்குப் போய் படமா? வா வீட்டுக்கு!"

தம்பி மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாளைத் தனியே மரத்தடிக்கு அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது.

"சித்திரையிலே என் பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கு தாயி. இந்த நேரத்திலே வீட்டிலே எலும்புருக்கின்னு பேர் வந்தா, சம்பந்தி வீட்டிலே என்ன சொல்லுவாங்க? பொண்ணு வாழ்க்கை போயிடாதா?"

ஒரு தாயின் பயம் அது. அதை அசட்டுத்தனம் என்று யாரால் சொல்ல முடியும்? நம் ஊர்களிலும் இந்த நோயை 'நெஞ்சிலே சளி' என்று மாற்றிச் சொல்லும் படித்த குடும்பங்கள் இல்லையா?

தம்பி மனைவி சொன்னாள்: "ஊரிலே எல்லாரும்தானே எடுக்கிறாங்க? இருமுறவங்களை மட்டும் கூப்பிட்டா பேர் வரும். அதனாலேதான் எல்லாரையும் கூப்பிடறோம். நீங்க முதல்லே நில்லுங்க. மாமியாரே நின்னுட்டாங்கன்னா மருமகளை யார் என்ன சொல்லப் போறாங்க?"

அந்த அம்மாள் யோசித்தார். "எனக்கென்ன, ஒரு இருமல் கிடையாது, தும்மல் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றார். எடை பார்த்தார்கள். 36 கிலோ. "வயசாச்சு, உடம்பு வத்திப் போச்சு" என்றார். வயசு ஐம்பதுக்கு மேல் இராது. மாமியாரைத் தொடர்ந்து மருமகள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அது என் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மருமகள் படம் சுத்தமாக இருந்தது. மாமியார் படத்தில்தான் வலது பக்கம் மேலே நிறம் காட்டியது!

டெக்னீஷியன் சத்தம் போட்டு எதுவும் சொல்லவில்லை. தம்பி மனைவியைப் பார்த்தார், அவ்வளவுதான். வரிசையில் இருந்த யாருக்கும் தெரியாது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, துணிப்பைக்குள் சளி எடுக்கும் சிறு டப்பா இரண்டை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். மருமகளுக்கும் இருமல் இருப்பதால் அவளுக்கும் ஒரு பரிசோதனை. எச்சில் போதாது, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சு இழுத்து, அடியிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். அதுவும் வீட்டுக்குள் அல்ல, வெளியே காற்றோட்டமாக நின்று எடுக்க வேண்டும்.

அந்த அம்மாள் வெகு நேரம் பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்னைத் தனியா மாட்டுக் கொட்டகையிலே படுக்க வெச்சிடுவீங்களா?"

"பேரனைத் தூக்கவே கூடாதா?" என்பதுதான் அதற்குள் இருந்த கேள்வி. குழந்தை அப்போதும் அவர் மடியில்தான் இருந்தது.

பதில் சொன்னது மருமகள். "அத்தை, நீங்க ஏன் கொட்டகைக்குப் போகணும்? மாத்திரை குடுத்தா சாப்பிடப் போறீங்க." காலையில் கையைப் பிடித்து இழுத்த அதே மாமியாரிடம்தான் சொன்னாள்!

மறுநாள் காலை சளி ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. 'ட்ரூநாட்' என்று ஒரு கருவி. நம் நாட்டிலேயே, கோவாவில் செய்வது. பேட்டரியிலும் ஓடும். கிருமியின் மரபணுவையே தேடிக் கண்டுபிடித்து ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். முக்கியமான மாத்திரைக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதில் தொடர்ந்து பார்க்கலாம். மாமியாருக்குக் காசநோய் உறுதியாயிற்று. சாதாரண மாத்திரைக்குக் கேட்கும் வகைதான். மருமகளுக்கு இல்லை. அவள் இருமல் நிஜமாகவே சாதாரண இருமல்தான். ஒரு வாரத்தில் போய்விட்டதாம்.

இருமிய மருமகளுக்கு நோய் இல்லை. இருமாத மாமியாருக்கு இருந்தது! வண்டி ஏன் மலை ஏற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

சானடோரியத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கு

மாட்டுக் கொட்டகைப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. நோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவற்றைத்தான் கொடுத்தார்கள். நம் தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது. ரயில் நிலையத்தின் பெயரே இன்றும் 'சானடோரியம்'தானே!

அந்த வழக்கத்தை மாற்றியது நம் சென்னைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி. ஆனாலும் குணமானது ஏறக்குறைய ஒரே மாதிரிதான்! வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானது. உலகம் முழுவதும் நோயாளிகள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட அதுதான் வழி திறந்தது. நம் ஊர்த் தாய்மார்களும் அம்மாக்களும் வீட்டில் கொடுத்த கவனிப்பையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

எக்ஸ்ரே வண்டியும் புதிதல்ல. 1955 முதல் 1958 வரை நம் நாட்டில் நடந்த முதல் பெரிய கணக்கெடுப்பிலேயே எக்ஸ்ரே வண்டிகள் கிராமங்களுக்குப் போயின. 'இது பட்டணத்து நோய்' என்ற எண்ணத்தை மாற்றி, கிராமத்திலும் அதே அளவு இருக்கிறது என்று காட்டியது அதுதான். அப்போது பெரிய லாரி, ஃபிலிம் சுருள். இப்போது தோளில் மாட்டும் கருவி. வித்தியாசம் அவ்வளவே.

முட்டையும் மாத்திரையும்

அந்த அம்மாளுக்கு மறு வாரமே சிகிச்சை தொடங்கிவிட்டது. நம் தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. நோய் என்று தெரிந்த உடனேயே எடை மிகவும் குறைவா, மூச்சு வாங்குகிறதா, எழுந்து நிற்க முடிகிறதா, காலில் வீக்கம் உண்டா என்று பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். இவருக்கு அந்த அவசியம் இல்லை. வீட்டிலேயே தினமும் மாத்திரை. மொத்தம் 6 மாதம். எல்லாம் இலவசம்.

குழந்தைக்கும் பரிசோதனை செய்தார்கள். நோய் இல்லை. ஆனாலும் வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் இருந்தால், ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு வராமல் தடுக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கும் டாக்டர் சொன்னால் தடுப்பு மருந்து உண்டு. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தையை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்துதான் முக்கியமாகக் காக்கிறது. ஊசி போட்டாயிற்று என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது.

மாத்திரைக்குச் சமமாகச் சாப்பாடும் முக்கியம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2,800 நோயாளிகளுக்கு மாதா மாதம் தானியமும் பருப்பு மாவும் பால் பவுடரும் எண்ணெயும் கொடுத்தார்கள். அவர்களின் வீட்டாரில் ஒரு பிரிவினருக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது! முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளுக்கு உயிராபத்தும் வெகுவாகக் குறைந்தது. அரிசி பருப்பே தடுப்பு மருந்தாக வேலை செய்தது என்றால், நம் சமையலறைக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு!

சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். தம்பி மனைவி அந்த மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்த பட்டியல் இது: காலையில் கேழ்வரகுக் கஞ்சியோடு ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, மத்தியானம் சோற்றோடு கெட்டிப் பருப்பும் கீரையும், சாயங்காலம் வேகவைத்த பச்சைப்பயறோ தட்டைப்பயறோ, தினமும் முட்டை. மலைக்குக் கீழே இறங்கினால் முட்டைக்குப் பெயர் போன நாமக்கல்! ஆனால் மலை வீடுகளில் முட்டை விருந்தாளி மாதிரி எப்போதாவதுதான் வருகிறது.

இதை நான் எழுதும்போது ஆனி பிறந்து, அந்த அம்மாளுக்கு நாலாவது மாதம் நடக்கிறது. எடை 39 கிலோ. மாத்திரை சாப்பிட்ட நாளையெல்லாம் மருமகள் காலண்டரில் மஞ்சள் வைத்துக் குறித்து வருகிறாளாம்.

நிச்சயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒளிக்க வேண்டாம் என்று அந்த அம்மாளே சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். "மாத்திரை முடியட்டும். ஆவணியிலே வெச்சுக்கலாம்" என்று பதில் வந்ததாம். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை. தினம் காலண்டரைப் பார்க்கிறாராம்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

மலையில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில், நம் வீடுகளுக்கும் பொருந்துவதைக் கீழே தருகிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல், சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், புகை பிடிப்பவர்கள், குடிப்பவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், 60 வயசுக்கு மேற்பட்டவர்கள், முன்பு ஒரு தரம் காசநோய் வந்தவர்கள் ஆகியோர் இருமல் இல்லாவிட்டாலும் ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

நோய் காற்றில்தான் பரவுகிறது. தட்டு, டம்ளர், துணியால் பரவாது. ஆகவே தனித் தட்டு வைத்து யாரையும் மனசு நோக அடிக்காதீர்கள். அதற்குப் பதில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெயிலை உள்ளே விடுங்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடட்டும். கண்ட இடத்தில் துப்பாமல் மூடி போட்ட டப்பாவில் துப்பட்டும்.

மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காசநோய் மாத்திரை அதன் பலனைக் குறைத்துவிடும். வேறு முறை சொல்லுவார்கள்.

நோய் உள்ள தாயும் டாக்டர் சொற்படி மருந்து சாப்பிட்டுக்கொண்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்.

இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும். 'சரியாப் போச்சு' என்று அப்போது மாத்திரையை நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காத வகையாக மாறிவிடக் கூடும். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்.

சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

உங்கள் தெருவுக்கும் ஒருநாள் இந்த வண்டி வரலாம். வந்தால், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையும், இஸ்திரிக்காரரையும், வாட்ச்மேனையும் போகச் சொல்லிவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொண்டால் அவர்களுக்குத்தான் பெயர் கெடும். முதலில் நாம் போய் நிற்போம். மாமியார் நின்றால் மருமகள் நிற்பாள்; வீட்டம்மா நின்றால் தெருவே நிற்கும்.